முதல்வர் ஆஸ்பத்திரியில இருந்தா அரசியல் செய்தியை எப்படிப் படிக்கிறது

ஒரு முதல்வர் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா அடுத்த அரை மணி நேரத்துல போன்ல வந்து குவியுறதெல்லாம் பாத்தீங்கன்னா, ஒருத்தர் நல்லா இருக்காருன்னு சொல்லுவாரு, இன்னொருத்தர் எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுவாரு, மூணாவது ஆள் அடுத்த முதல்வர் பேரையே சொல்லிடுவாரு. மூணு பேருமே அந்த வார்டு வாசலைக்கூட பாத்திருக்க மாட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுக்கு இது புதுசில்ல. அண்ணா 1969-ல, எம்.ஜி.ஆர் 1984-ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும், ஜெயலலிதா 2016-லன்னு ஆட்சியில இருக்கும்போதே உடம்பு முடியாம போன முதல்வர்கள் மூணு பேரைப் பாத்த மாநிலம் இது. அப்படி இருந்தும் ஒவ்வொரு தடவையும் நாம வதந்தியிலதான் நேரத்தைக் கழிக்கிறோம், நடந்த முக்கியமான விஷயம் நம்ம கண்ணு முன்னாடியே கடந்து போயிடுது. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

நான் சொல்ற வழி ஒண்ணுதான். டிவியில யார் பேசுறாங்கன்னு பாக்குறதை விட்டுட்டு, எந்தக் காகிதத்துல யார் கையெழுத்து இருக்குன்னு பாருங்க. இந்த மாதிரி நேரத்துல பேச்சுக்கு யாரும் பொறுப்பு ஏத்துக்கிறதில்ல, ஆனா கையெழுத்துக்கு ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும், அஞ்சு வருஷம் கழிச்சுகூட கோர்ட்டுல அதை எடுத்து நீட்டுவாங்க.

முதல் காகிதம் ஆஸ்பத்திரி புல்லட்டின்

2016 செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதா அப்போலோவுல சேந்தாங்க. முதல்ல வந்த அறிக்கையில காய்ச்சல், நீர்ச்சத்து குறைவு, அவ்வளவுதான். அடுத்தடுத்த நாள்ல வழக்கமான சாப்பாடு சாப்பிடுறாங்கன்னு வந்துச்சு. அக்டோபர் முதல் வாரத்துல இருந்துதான் நோய்த்தொற்று, சுவாசத்துக்கு உதவி, பாஸிவ் பிசியோதெரபின்னு வார்த்தைகள் மாற ஆரம்பிச்சுது. அறிக்கையைப் படிக்கிறப்ப நீங்க கவனிக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். ஒரே அறிக்கையை தனியா எடுத்துப் படிச்சா ஒண்ணும் புரியாது, பழைய அறிக்கையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு புதுசா எந்த வார்த்தை வந்திருக்கு, எந்த வார்த்தை காணாம போயிருக்குன்னு பாருங்க.

வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்னு கொஞ்சம் சொல்லிடுறேன். ‘ஸ்டேபிள்’ன்னா குணமாயிட்டு வர்றாங்கன்னு நினைச்சுக்காதீங்க, முந்தின நிலைமையில இருந்து பெருசா மாறலைன்னு மட்டும்தான் அர்த்தம், மோசமா இருக்கிற ஒருத்தரும் ஸ்டேபிளா இருக்கலாம். ‘சுவாசத்துக்கு உதவி’ன்னா மூக்குல வைக்கிற ஆக்சிஜன் குழாயில இருந்து வென்டிலேட்டர் வரைக்கும் எது வேணாலும் இருக்கலாம், எதுன்னு எழுதாம விட்டிருந்தா யோசிங்க. ‘பாஸிவ் பிசியோதெரபி’ன்னா நோயாளி தானா கை காலை அசைக்காம வேற ஒருத்தர் புடிச்சு அசைச்சுக் குடுக்குறது. அந்த ஒரு வார்த்தை, அந்த மாசத்துல டிவியில நடந்த அத்தனை விவாதத்தையும்விட அதிகமா சொல்லிச்சு, ஆனா அதைப் பத்திப் பேசினவங்க ரொம்பக் குறைவு. ‘எக்மோ’ன்னு வந்தா, இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை ஒரு மெஷின் வெளிய இருந்து செய்யுதுன்னு அர்த்தம். டிசம்பர் 4 சாயங்காலம் இதயம் நின்னு போச்சுன்னு அறிக்கை வந்துச்சு, அதுக்கப்புறம் எக்மோவுல இருக்காங்கன்னு வந்துச்சு, லண்டன்ல இருந்து வந்து பாத்த டாக்டர் ரிச்சர்ட் பீலும் நிலைமை ரொம்பக் கவலைக்கிடம்னு சொல்லிட்டாரு. இந்த வார்த்தைகளைப் படிச்சவங்களுக்கு அதுக்கு மேல வதந்தி தேவைப்பட்டிருக்காது.

அப்படியும் டிசம்பர் 5 சாயங்காலம் சில சேனல்கள் அவசரப்பட்டு இறந்துட்டாங்கன்னே போட்டுட்டாங்க, கட்சி ஆபீஸ்ல கொடியைக்கூட அரைக்கம்பத்துக்கு இறக்கினாங்க, ஆஸ்பத்திரி மறுத்த உடனே திரும்ப ஏத்தினாங்க. அதிகாரபூர்வமா சொன்ன நேரம் ராத்திரி 11.30. அந்த சில மணி நேரத்துல ஒரு மாநிலமே தவிச்ச தவிப்பு இருக்கே, அதை நினைச்சாவது ஒரு மரணச் செய்தியை ஆஸ்பத்திரியோ அரசோ எழுத்துல சொல்ற வரைக்கும் யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

உள்ள போய் பாத்துட்டு வந்தேன்னு சொல்றவங்களை எப்படி எடுத்துக்கிறதுன்னும் சொல்லணும். 2016-ல அமைச்சர்கள் வெளிய வந்து அம்மா இட்லி சாப்பிட்டாங்கன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மேடையிலயே அது பொய், நாங்க யாரும் அவங்களைப் பாக்கலை, மன்னிச்சுடுங்கன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல மைக் முன்னாடி சொல்றதுக்கு எவ்வளவு மதிப்புன்னு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல. கூடவே ஒண்ணு கேட்டுக்கிறேன், படுக்கையில இருக்கிறவரோட போட்டோ வீடியோ வந்தா அனுப்பாதீங்க. ஜெயலலிதாவோட தொகுதியான ஆர்.கே.நகர்ல இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள், 2017 டிசம்பர் 20, ஜெயலலிதா ஆஸ்பத்திரியில இருந்த வீடியோவை ரிலீஸ் பண்ணாங்க. செத்துப்போன ஒரு பெண்ணோட நோயாளிக் கோலத்தை ஓட்டுக்காக வெளிய போட்டது எனக்கு இன்னிக்கும் ஆறாத கோபம்.

ரெண்டாவது, ஃபைல் யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க

முதல்வருக்கு உடம்பு முடியலைன்னா என்ன பண்ணனும்னு நம்ம அரசியலமைப்புச் சட்டத்துல தனியா வழி எதுவும் இல்ல. அமெரிக்காவுல 1967-ல 25-வது திருத்தம் கொண்டுவந்து, அதிபரால வேலை பாக்க முடியலைன்னா துணை அதிபர் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கணும்னு எழுதி வெச்சுட்டாங்க. இங்க துணை முதல்வர்னு ஒரு பதவியே சட்டத்துல கிடையாது, அது நாம வழக்கத்துல குடுக்குற பட்டம். அதனால இங்க எல்லாமே கவர்னர் மாளிகையில இருந்து வர்ற ஒரு பக்கக் குறிப்புலதான் நடக்கும்.

2016 அக்டோபர் 11 அப்படி ஒரு குறிப்பு வந்துச்சு. அப்போ மகாராஷ்டிரா கவர்னரா இருந்துக்கிட்டு தமிழ்நாட்டையும் சேத்துப் பாத்துக்கிட்டிருந்த வித்யாசாகர் ராவ், அரசியலமைப்பு 166(3)-ன் கீழ முதல்வர் கையில இருந்த இலாகாக்களை ஓ.பன்னீர்செல்வத்துக்கு மாத்திக் குடுத்தாரு, அமைச்சரவைக் கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்குவாருன்னு சொன்னாரு, ஜெயலலிதாவே முதல்வரா தொடருவாங்கன்னும் சொன்னாரு. இதுல நீங்க பாக்க வேண்டிய வரி எதுன்னா, முதல்வரோட ஆலோசனைப்படிதான் இந்த மாற்றம்னு இருந்த வரி. மூச்சு விட உதவி தேவைப்படுற நிலைமையில இருக்கிறவங்க அந்த ஆலோசனையை எப்படிக் குடுத்தாங்க, எழுத்துல குடுத்தாங்களா, யார்கிட்டன்னு அப்பவே எதிர்க்கட்சிகள் கேட்டுச்சு. நியாயமான கேள்வி அது. இனிமே இப்படி ஒரு குறிப்பு வந்தா நீங்களும் மூணு விஷயம் தேடுங்க, எந்தச் சட்டப் பிரிவு, யார் ஆலோசனை, எது வரைக்கும். அக்டோபர் 19 பன்னீர்செல்வம் தலைமையில அமைச்சரவை கூடினப்ப மேசை மேல ஜெயலலிதா படம் இருந்துச்சு, எல்லாரும் அந்தப் படத்தைப் பத்தியே பேசினாங்க. ஆனா அன்னிக்கு முடிவெடுக்குற அதிகாரம் யார் பேருக்கு எழுதியிருந்துச்சுங்கிறதுதான் விஷயமே.

இன்னும் நுணுக்கமா பாக்கணும்னா அந்த அக்டோபர் கடைசி வாரத்துல நடந்ததைப் பாருங்க. அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் தேர்தலுக்கு அ.தி.மு.க வேட்பாளர்களுக்கு ரெட்டை இலை குடுக்குற படிவத்துல பொதுச்செயலாளர் கையெழுத்து வேணும். அந்த இடத்துல ஜெயலலிதாவோட இடது கட்டைவிரல் ரேகை இருந்துச்சு. ட்ரக்கியோஸ்டமி பண்ணியிருக்கு, வலது கை வீங்கியிருக்கு, அதனால கையெழுத்துப் போட முடியலை, என் முன்னாடிதான் ரேகை வெச்சாங்கன்னு ஒரு அரசு டாக்டர் சாட்சி எழுதிக் குடுத்தாரு. தொண்டையில துளை போட்டிருக்குங்கிற தகவல் புல்லட்டின்ல வராம ஒரு தேர்தல் படிவத்துல வந்துச்சு பாருங்க, இதனாலதான் காகிதத்தைத் தேடுங்கன்னு சொல்றேன். திருப்பரங்குன்றத்துல தோத்த தி.மு.க வேட்பாளர் அந்த ரேகையை வெச்சே கேஸ் போட்டாரு, 2019 மார்ச்ல ஐகோர்ட் அந்த வெற்றி செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, ஜெயிச்ச ஏ.கே.போஸ் அதுக்கு முன்னாடியே இறந்துட்டாரு.

கோவா முதல்வர் மனோகர் பாரிக்கருக்கு கணையப் புற்றுநோய் வந்தப்ப 2018-ல அமெரிக்காவுக்கு சிகிச்சைக்குப் போனாரு, கிளம்பும்போது மூணு அமைச்சர்கள் கொண்ட ஒரு குழுகிட்ட அன்றாட வேலையைக் குடுத்துட்டுப் போனாரு, யார் யார்னு ஊருக்கே தெரியும். 2019 ஜனவரியில மூக்குல குழாயோட வந்து சட்டசபையில பட்ஜெட்டும் வாசிச்சாரு. அந்த நிலைமையில அவரை வேலை பாக்க விட்டது சரியா தப்பான்னு ஒரு வாதம் இருக்கு, ஆனா மக்களுக்கு அவர் எப்படி இருக்காருன்னு கண்ணால பாக்க முடிஞ்சுது, அது பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்.

மூணு நாற்காலியைப் பிரிச்சுப் பாக்கப் பழகுங்க

வாரிசுப் போட்டியைப் புரிஞ்சுக்கிறதுல பெரும்பாலானவங்க குழம்புறது இங்கதான். முதல்வர் ஒரு நாற்காலி, சட்டமன்றக் கட்சித் தலைவர் ஒரு நாற்காலி, கட்சிப் பொதுச்செயலாளர் ஒரு நாற்காலி. தலைவர் நல்லா இருக்கிற வரைக்கும் மூணுலயும் ஒரே ஆள் உக்காந்திருப்பாரு, அதனால மூணும் வேற வேறன்னே நமக்குத் தோணாது. அவர் போனப்புறம் மூணும் தனித்தனியா பிரியும், மூணுக்கும் தேர்ந்தெடுக்குறவங்க வேற, விதி வேற, தேதி வேற.

ஜெயலலிதா இறந்த சில மணி நேரத்துல, டிசம்பர் 6 அதிகாலையில பன்னீர்செல்வம் முதல்வரா பதவியேத்தாரு. எல்லாரும் போட்டி முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. டிசம்பர் 29 பொதுக்குழு சசிகலாவை பொதுச்செயலாளர் ஆக்குச்சு. 2017 பிப்ரவரி 5 எம்.எல்.ஏ.க்கள் கூடி சசிகலாவையே சட்டமன்றக் கட்சித் தலைவராவும் ஆக்கினாங்க, அன்னிக்கே பன்னீர்செல்வம் ராஜினாமாவுல கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு மெரினாவுல ஜெயலலிதா நினைவிடத்துல உக்காந்து தியானம் பண்ணிட்டு என்னைக் கட்டாயப்படுத்தினாங்கன்னு சொன்னாரு, நாடே பாத்துச்சு, ஆனா கவர்னர் ஏற்கெனவே ராஜினாமாவை ஏத்துக்கிட்டாரு. ஏத்துக்கிட்ட ராஜினாமாவை பேட்டி குடுத்துத் திரும்ப வாங்க முடியாது. சசிகலா எம்.எல்.ஏ இல்லையேன்னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க, அது தடையே இல்ல, 164(4)-படி ஆறு மாசத்துக்குள்ள ஜெயிச்சு வந்தா போதும். அவங்களைத் தடுத்தது சொத்துக்குவிப்பு வழக்குல பிப்ரவரி 14 வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அன்னிக்கே எடப்பாடி பழனிசாமியைத் தேர்ந்தெடுத்தாங்க, 16-ஆம் தேதி அவர் பதவியேத்தாரு.

இதுல ஒரு பழைய பாடமும் இருக்கு. தலைவர் இறந்த உடனே உக்கார வைக்கிறவர் பெரும்பாலும் நிலைக்கிறதில்ல. அண்ணா 1969 பிப்ரவரி 3 இறந்தப்ப நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வர் ஆனாரு, ஒரு வாரத்துல கலைஞர் வந்தாரு. எம்.ஜி.ஆர் 1987 டிசம்பர் 24 இறந்தப்பவும் அதே நெடுஞ்செழியன்தான் தற்காலிக முதல்வர், 1988 ஜனவரி 7 ஜானகி அம்மா வந்தாங்க. கட்சியில ரெண்டாவது இடத்துல இருக்கிறவர், சீனியர், யாருக்கும் பயம் குடுக்காதவர், அவரைத்தான் முதல்ல உக்கார வைப்பாங்க. அதனால முதல் ராத்திரி பதவிப்பிரமாணத்தைப் பாத்துட்டு வாரிசு யாருன்னு முடிவு கட்டாதீங்க.

எண்ணிக்கை, ஆனா எங்க எண்ணுறாங்கங்கிறது முக்கியம்

தமிழ்நாட்டுல 234 இடம், பாதிக்கு மேலன்னா 118, இந்த நம்பரை மனசுல வெச்சுக்கோங்க. சேனல்காரங்க இவர்கிட்ட இத்தனை பேர் அவர்கிட்ட இத்தனை பேர்னு திரையில போடுறது எல்லாம் எண்ணிக்கை ஆகாது. 1994 எஸ்.ஆர்.பொம்மை வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பெரும்பான்மையை சபையிலதான் நிரூபிக்கணும். கவர்னர்கிட்ட குடுக்குற ஆதரவுக் கடிதம் பதவியேக்கத்தான் உதவும். அந்தக் கடிதத்துக்கும் ஓட்டெடுப்புக்கும் நடுவுல இருக்கிற நாள்தான் ஆபத்தான நாள், எம்.எல்.ஏ.க்களை பஸ்ல ஏத்தி ரிசார்ட்டுக்குக் கொண்டு போறது அந்த நாள்லதான். 2017-ல கூவத்தூர் அப்படித்தான் எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர் ஆச்சு. உங்க எம்.எல்.ஏ அங்க இருந்தா அவர் ஆபீஸுக்கு போன் போட்டு எப்ப தொகுதிக்கு வருவாருன்னு கேளுங்க, கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, நிறைய தொகுதியில ஜனங்க கேட்டாங்க.

பிப்ரவரி 18 ஓட்டெடுப்புல தி.மு.க உறுப்பினர்களை வெளியேத்தின பிறகு எடப்பாடிக்கு 122, எதிர்த்து 11. சரி, அதுக்கப்புறம் வர்றதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புறது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவி போகலாம், போகுமா போகாதான்னு முடிவு பண்றது சபாநாயகர். எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த பன்னீர்செல்வம் அணி 11 பேருக்கும் பதவி போகல, ஆகஸ்ட்ல அணிகள் சேந்து அவர் துணை முதல்வரே ஆனாரு. ஆனா அதே ஆகஸ்ட்ல எடப்பாடி மேல நம்பிக்கை இல்லைன்னு கவர்னர்கிட்ட மனு குடுத்த தினகரன் அணி எம்.எல்.ஏ.க்கள்ல 18 பேரை சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18 தகுதிநீக்கம் பண்ணாரு, 2018 அக்டோபர்ல ஐகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. சபையில எதிர்த்து ஓட்டுப் போட்டவங்க தப்பிச்சாங்க, மனு குடுத்தவங்க பதவி இழந்தாங்க. அதனால வாரிசுப் போட்டின்னு வந்தா ரெண்டு போட்டியாளர்களை மட்டும் பாக்காம சபாநாயகர் யார் பக்கம்னு முதல் நாளே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 1988-லயும் இதேதான், ஜனவரி 28 ஜானகி அம்மா நம்பிக்கை ஓட்டு கோரினப்ப சபாநாயகர் பி.எச்.பாண்டியன், சபைக்குள்ள அடிதடி நடந்து போலீஸ் உள்ள வந்துச்சு, ரெண்டு நாள்ல ஆட்சியையே கலைச்சுட்டாங்க.

கட்சி உடைஞ்சா யாருக்கு தப்பிக்க வழின்னா, மூணுல ரெண்டு பங்கு எம்.எல்.ஏ.க்கள் வேற கட்சியோட சேந்தா பதவி போகாது. மூணுல ஒரு பங்கு பிரிஞ்சா போதும்னு இருந்த பழைய விதியை 2003-ல கொண்டுவந்த 91-வது திருத்தத்துல எடுத்துட்டாங்க. இது எவ்வளவு சின்ன நம்பர்ல வேலை செய்யும்னு கோவாவுல பாத்தோம். பாரிக்கர் 2019 மார்ச் 17 இறந்தாரு, 19-ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி பிரமோத் சாவந்த் பதவியேத்தாரு, மறுநாள் 20-க்கு 15-ன்னு ஜெயிச்சாரு. ஒரு வாரம் கழிச்சு கூட்டணிக் கட்சியோட மூணு எம்.எல்.ஏ.க்கள்ல ரெண்டு பேர் பா.ஜ.க.வுக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரே மூணுல ரெண்டு பங்கு!

சின்னம்

தமிழ்நாட்டுல வாரிசுப் போட்டியோட கடைசிக் கட்டம் சின்னத்துலதான் நடக்கும். 1968 சின்னங்கள் உத்தரவு 15-வது பத்தியின் கீழ எந்த அணி உண்மையான கட்சின்னு தேர்தல் கமிஷன் முடிவு பண்ணும், எம்.பி, எம்.எல்.ஏ, பொதுக்குழு உறுப்பினர்கள்கிட்ட இருந்து வர்ற பிரமாணப் பத்திரங்களை எண்ணிப் பாப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் சின்னத்தை முடக்கலாம். 2017 மார்ச் 22 ரெட்டை இலையை முடக்கி ஒரு அணிக்கு இரட்டை மின்கம்பம், இன்னொரு அணிக்கு தொப்பி குடுத்தாங்க, நவம்பர்லதான் எடப்பாடி பன்னீர்செல்வம் தரப்புக்கு இலை திரும்பக் கிடைச்சுது. லாரி லாரியா பிரமாணப் பத்திரம் போகுதுன்னு செய்தி வந்தா சலிப்பா இருக்கும், ஆனா அந்தக் காகிதம்தான் உங்க ஓட்டு மெஷின்ல எந்தப் பட்டன் பக்கத்துல எந்தப் படம் வரும்னு முடிவு பண்ணுது.

ஒண்ணு மட்டும், எம்.எல்.ஏ எண்ணிக்கையும் மக்கள் மனசும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. 1988-ல எம்.எல்.ஏ.க்கள்ல பெரும்பாலானவங்க ஜானகி அம்மா பக்கம்தான் நின்னாங்க. அடுத்த ஜனவரியில தேர்தல் வந்தப்ப சேவல் சின்னத்துல நின்ன ஜெயலலிதா அணிக்கு 27 இடம், ஜானகி அம்மா எம்.ஜி.ஆரோட ஆண்டிப்பட்டியிலயே தோத்தாங்க, ஆட்சி தி.மு.க.வுக்குப் போச்சு. அதே ஆண்டிப்பட்டியிலதான் 1984 டிசம்பர்ல எம்.ஜி.ஆர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே, தொகுதிக்கு வராமலேயே ஜெயிச்சாரு, அவரோட ஆஸ்பத்திரி வீடியோவை ஊர் ஊரா போட்டுக் காட்டினாங்க. தலைவர் மேல இருக்கிற அன்பு அப்படியே அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது, குடும்பத்துல ஒருத்தரா இருந்தாலும் சரி.

தேதி போட்டு எடுத்து வைங்க

கடைசியா, ஒவ்வொரு புல்லட்டினையும், கவர்னர் மாளிகைக் குறிப்பையும், கட்சித் தீர்மானத்தையும் வந்த அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேதியோட வைங்க. விசாரணை ரொம்ப லேட்டா வரும். ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையத்தை 2017 செப்டம்பர்ல அமைச்சாங்க, அறிக்கை கைக்கு வந்தது 2022 ஆகஸ்ட், சட்டசபையில வெச்சது அக்டோபர். அஞ்சு வருஷம். அதுக்குள்ள சொன்னவங்களும் கேட்டவங்களும் என்ன சொன்னோம்னு மறந்திருப்பாங்க, உங்ககிட்ட தேதியோட இருந்தா அறிக்கையை வரிக்கு வரி ஒத்துப் பாக்கலாம்.

உங்க தொகுதியே காலியாயிட்டா இடைத்தேர்தல் எப்பன்னு விடாம கேளுங்க. காலியான ஆறு மாசத்துக்குள்ள நடத்தணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ பிரிவு சொல்லுது, விதிவிலக்கும் அதுலயே இருக்கு. ஆர்.கே.நகர் காலியானது 2016 டிசம்பர் 5, ஏப்ரல் 12 ஓட்டுன்னு அறிவிச்சு பணப் பட்டுவாடா புகார்ல ரத்து பண்ணாங்க, கடைசியில நடந்தது 2017 டிசம்பர் 21. ஒரு வருஷத்துக்கு மேல அந்த ஜனங்களுக்கு எம்.எல்.ஏ.வே இல்ல. ஆட்சி, இலை, பொதுக்குழுன்னு எல்லாம் ஒரு பக்கம் இருந்தும், பிரஷர் குக்கர் சின்னத்துல சுயேச்சையா நின்ன தினகரனை 40,707 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிக்க வெச்சாங்க. அந்த மாதிரி தேர்தல் அறிவிக்கிற வரைக்கும் காத்திருக்காம வாக்காளர் பட்டியல்ல உங்க பேரும் வீட்டுல இருக்கிறவங்க பேரும் இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க, வேட்புமனுத் தாக்கல் முடியிற நேரத்துல போய் நின்னா சேக்க மாட்டாங்க.